குடும்பப் புகைப்படங்களைக் கொண்டு ஸ்லைடு ஷோ தயாரிப்பது எப்படி?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நம் சமுதாய மக்கள் வாழும் ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். லப்பைக்குடிக்காடு ஆனாலும் வி.களத்தூர் ஆனாலும், வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ ஒருவராவது இருக்கும் வீடுகள் ஏராளம். இப்படிப்பட்ட வீடுகளில் குடும்பப் படங்கள் ஓரிடத்தில் இருப்பதில்லை. நன்னாவின் படம் சுவரில் சட்டத்துக்குள் இருக்கும். அத்தாவின் கல்யாணப் படங்கள் பீரோவின் அடித்தட்டில், பக்கங்கள் ஒட்டிப்போன ஆல்பத்தில் இருக்கும். அக்காவின் நிக்காஹ் டிவிடியில் இருக்கும். அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் டிவிடி பிளேயர் இருக்காது. பேரப்பிள்ளைகளின் படங்கள் ரியாத்திலோ ஷார்ஜாவிலோ ஒருவருடைய கைபேசியில் இருக்கும்.

வலீமா விருந்துக்கோ, எல்லோரும் விடுமுறையில் ஊர் திரும்பும் நாளுக்கோ இரண்டு நாள் இருக்கும்போது யாராவது ஒருவர் "ஒரு ஸ்லைடு ஷோ போடலாமே" என்பார். கிடைத்த படங்களையெல்லாம் அள்ளி ஸ்டுடியோவில் கொடுப்பார்கள். இருநூறு படங்கள், பறக்கும் இதயங்கள், ஒரு சினிமாப் பாட்டு என்று ஒரு வீடியோ வரும். பார்க்கும் பிள்ளைகளுக்கு அதில் பாதிப் பேர் யாரென்றே தெரியாது. யாரென்று சொல்லக்கூடிய நன்னி பின்வரிசையில் அமர்ந்திருப்பார். அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஸ்லைடு ஷோ தயாரிப்பதில் மென்பொருளின் வேலை சிறியது. படங்களைத் திரட்டுவதும், யார், எப்போது, எங்கே என்று கண்டறிவதும், எதைக் காட்டலாம் எதைக் காட்டக்கூடாது என்று முடிவு செய்வதும்தான் பெரிய வேலை. எனவே அதை முதலில் சொல்லி, மென்பொருளுக்குப் பிறகு வருகிறோம். புகைப்படம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் படங்களை என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பேச்சு.

பெயர் எங்கிருந்து வந்தது?

தமிழில் படவில்லைக் காட்சி என்று எழுதுகிறார்கள். பேச்சில் எல்லோருக்கும் ஸ்லைடு ஷோதான். ஸ்லைடு என்பது 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் நேரடியாக வண்ணத்தில் பதிவான படம். அதைச் சிறு அட்டைச் சட்டத்தில் பொருத்தி, விளக்கொளியைப் பின்னாலிருந்து செலுத்தித் திரையில் பெரிதாகக் காட்டுவார்கள். கோடாக் நிறுவனம் 1961-ல் கேரோசல் என்ற புரொஜெக்டரைக் கொண்டுவந்தது. வட்டமான தட்டில் 80 ஸ்லைடுகளை அடுக்கினால் ஒவ்வொன்றாக விழுந்து திரையில் தெரியும். 2004-ல் அந்நிறுவனம் ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. தட்டில் 80-க்கு மேல் இடமில்லை என்பதால் அன்றைக்கு எல்லோரும் தேர்ந்தெடுத்தே அடுக்கினார்கள். இன்று மென்பொருளில் அந்த எல்லை இல்லை, நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

படங்களைத் திரட்டுதல்

பழைய அச்சுப் படங்களைக் கைபேசியில் அவசரமாகப் படம் பிடிப்பதைவிட ஸ்கேன் செய்வது நல்லது. நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில் ஸ்கேன் செய்தால் 1200-க்கு 1800 புள்ளிகள் கிடைக்கும். இன்றைய தொலைக்காட்சியின் சாதாரண அளவே 1920-க்கு 1080. ஆகவே 600 வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்கவும் உதவும். பாஸ்போர்ட் அளவுப் படம் மட்டுமே மிஞ்சியிருக்கும் பெரியவர்கள் உண்டு. அதை 1200-ல் ஸ்கேன் செய்யுங்கள். 35-க்கு 45 மில்லிமீட்டர் படம் ஏறக்குறைய 1650-க்கு 2130 புள்ளிகளாகக் கிடைக்கும். திரையை நிரப்ப அது போதும்.

ஸ்கேனர் இல்லாதவர்கள் கூகுளின் போட்டோஸ்கேன் செயலியைப் பயன்படுத்தலாம். படத்தின் மேல் தோன்றும் நான்கு புள்ளிகளுக்கு நேராகக் கைபேசியை நகர்த்தச் சொல்லும். ஒவ்வொரு கோணத்திலும் எடுத்ததைச் சேர்த்து, பளபளப்பை நீக்கித் தந்துவிடும்.

சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். மழைக்கால ஈரத்தில் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியிலேயே நின்றுவிடும். கண்ணாடியோடு சேர்த்தே, ஜன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்வாக வைத்துப் படமெடுங்கள். பசைப் பக்கமும் பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பங்களிலும் இதே தொல்லை வரும். படத்துக்கு அடியில் மெல்லிய நூலை நுழைத்து அறுப்பதுபோல் இழுத்துப் பார்க்கலாம். வரவில்லையென்றால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள்.

நிக்காஹ் டிவிடிகளை இன்றே கணினிக்கு மாற்றுங்கள். வீட்டில் எரித்த தட்டுகள் வெயிலிலும் ஈரத்திலும் கெடும். கெட்டுவிட்டதா என்பது போட்டுப் பார்க்கும் நாளில்தான் தெரியும்.

வெளிநாட்டில் இருப்பவரிடமிருந்து படம் வாங்கும்போது வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். எடுத்த தேதியும் படத்துக்குள்ளிருந்து போய்விடும். ஐஎம்ஜி-20190614-டபிள்யூஏ0007 என்பதுபோல் பெயர் வந்தால், அந்த 2019 ஜூன் 14 படம் எடுத்த நாள் அல்ல, வாட்ஸ்அப்பில் வந்த நாள். 1985-ல் எடுத்த படம் கணினியில் 2019 வரிசையில் போய் உட்கார்வது இதனால்தான். ஐபோன் வைத்திருப்பவர்களின் படங்கள் ஹெச்இஐசி வடிவில் வரக்கூடும். பல தொலைக்காட்சிகள் அதைத் திறக்காது, ஜேபெக் ஆக மாற்றிக்கொள்ள வேண்டும்.

யார், எப்போது, எங்கே?

அச்சிட்ட படங்களை ஒரு பெட்டியில் போட்டு, வீட்டிலேயே மூத்தவரிடம் கொண்டுபோய் உட்காருங்கள். கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு ஒருசாண் தூரத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் அதன் சத்தம்தான். ஒவ்வொரு படமாகக் கையில் கொடுத்து, "நன்னி, இது யாரு? இது எந்த வீட்டுத் திண்ணை?" என்று மட்டும் கேளுங்கள். திருத்தாதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள். ஒரு படத்துக்குச் சொன்ன பதில் மூன்று படத்துக்கு முந்தியதைத் தெளிவாக்கும். ஒரே அமர்வில் இருபது படத்துக்கு மேல் வேண்டாம், அவர்கள் களைத்துவிடுவார்கள். சிலருக்குப் பழைய நினைவு பாரமாகவும் இருக்கும்.

பெயர் தெரிந்தவுடன் படத்தின் பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுத வேண்டாம். எழுத்து முன்பக்கம் புடைத்துத் தெரியும். மெல்லிய பென்சிலால் ஓரத்தில் ஒரு எண் மட்டும் போட்டு, விவரத்தை நோட்டில் எழுதுங்கள். கணினியில் கோப்பின் பெயரிலேயே விவரம் வரட்டும்: முதலில் ஆண்டு, பிறகு ஊர், பிறகு பெயர்கள்.

ஆண்டு யாருக்கும் நினைவில்லையென்றால் படமே பல சமயம் சொல்லும். இதில் நம் பகுதிக்கென்று சில நல்ல அடையாளங்கள் உள்ளன. படத்தின் பின்னணியில் அரசுப் பெயர்ப்பலகையோ பள்ளிக்கூடப் பலகையோ இருந்தால் மாவட்டப் பெயரைப் பாருங்கள். 1995 நவம்பர் 1 வரை நாம் எல்லோரும் திருச்சிராப்பள்ளி மாவட்டம். அன்றுதான் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001 ஜனவரி 1-ல் பிரிந்தது, 2002 மார்ச் 31-ல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007 நவம்பர் 23-ல் மறுபடியும் தனி மாவட்டமானது. ஆகவே ஜெயங்கொண்டத்துப் பள்ளியின் ஆண்டுவிழாப் படத்தில் 'பெரம்பலூர் மாவட்டம்' என்று எழுதியிருந்தால் அது 1995-க்கும் 2007-க்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். பலகையை உடனே மாற்றி எழுதாமல் விட்டிருக்கவும் கூடும் என்பதால் ஓரிரு ஆண்டு தள்ளுபடி கொடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி எண் இடத்தைச் சொல்லும். டிஎன் 45 என்றால் திருச்சி, 46 பெரம்பலூர், 61 அரியலூர். டிஎன் என்பதற்குப் பிறகு இரண்டு இலக்கம் என்ற இந்த முறையே 1980-களின் இறுதியில்தான் வந்தது. அதற்கு முன் மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும்தான். புதுப் புல்லட்டின் மேல் சாய்ந்து நிற்கும் மாமுவின் படத்துக்கு இது ஒன்றே போதும்.

ஹஜ், உம்ரா படங்களிலும் காலக்குறிப்புகள் உண்டு. மக்காவின் கடிகாரக் கோபுரத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கியது 2010 ரமலானில். ஹரமின் பின்னணியில் அந்தக் கடிகாரம் தெரிந்தால் படம் அதற்குப் பிந்தியது. மினாவில் கல்லெறியும் இடத்தில் ஒல்லியான தூண்கள் தெரிந்தால் 2004 அல்லது அதற்கு முந்தைய ஹஜ். அதற்குப் பின் அவை நீண்ட சுவர்களாக மாற்றப்பட்டன. கப்பலின் மேல்தளத்தில் நின்று எடுத்த ஹஜ் படமென்றால் 1995-க்குப் பிந்தியதாக இருக்க முடியாது. மும்பையிலிருந்து ஜித்தாவுக்குப் போய்வந்த ஹஜ் கப்பல் அந்த ஆண்டோடு நின்றுபோனது. துபாய்ப் படத்தில் புர்ஜ் கலீஃபா முழுமையாக நின்றால் 2010-ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ எடுத்தது.

அச்சின் பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரிந்துவிடும். காகிதத்தில் 'கோனிகா' என்று மங்கலாக அச்சாகியிருந்தால் அது ஏறக்குறைய 2007-க்கு முந்தியது. அந்த நிறுவனம் புகைப்படத் தொழிலிலிருந்து விலகுவதாக 2006-ல் அறிவித்து வெளியேறிவிட்டது.

எது வேண்டும், எது வேண்டாம்

ஒரு படம் 5 வினாடி நின்றால் 60 படத்துக்கு 5 நிமிடம். விருந்துக்கு வந்தவர்கள் கவனமாகப் பார்ப்பது அவ்வளவுதான். வீட்டாருக்கு மட்டும் என்றால் இருமடங்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே நிகழ்ச்சியில் எடுத்த பத்துப் படங்களில் ஒன்றை மட்டும் எடுங்கள். எல்லோரும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படத்தைவிட, யாரோ யாருக்கோ சோறு பரிமாறும் படம் அதிகம் பேசும்.

ஆண்டு வரிசைப்படி மட்டும் அடுக்கினால் பார்ப்பவருக்குச் சலிக்கும். ஆட்கள் வாரியாக அடுக்கிப் பாருங்கள். அத்தாவை எடுத்துக்கொண்டால், மதரஸாத் தொப்பியோடு சிறுவனாக, முதல் பாஸ்போர்ட் படத்தில், ஜித்தாவில் அறை நண்பர்களோடு, விடுமுறையில் வந்து குழந்தையைத் தூக்கியபடி என்று ஒருவரின் வாழ்க்கை நாலைந்து படத்தில் ஓடிவிடும். பிறகு அடுத்தவர்.

வெளிநாட்டிலேயே பிறந்து வளரும் பிள்ளைகளுக்காகத் தயாரிக்கிறீர்கள் என்றால் ஊரின் படங்களும் வேண்டும். வீடு, தெரு, பள்ளிவாசல், வெள்ளாற்றங்கரை ஆகியவற்றோடு, விடுமுறையில் ஒருநாள் சுற்றி வந்தால் எடுக்கக்கூடிய இடங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. திருச்சி-சென்னை நெடுஞ்சாலையை ஒட்டியே ரஞ்சன்குடி கோட்டை நிற்கிறது. ஆங்கிலேயர் துணையோடு முகமது அலியும், பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாஹிபும் மோதிய 1751-ஆம் ஆண்டின் வாலிகண்டபுரம் போர் இந்தப் பகுதியில் நடந்ததுதான். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம், இந்தப் பூமி ஒருகாலத்தில் கடலாக இருந்ததைச் சொல்வது. புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் அதை அடையாளம் கண்டார். பிள்ளைகளை அந்த மரத்தின் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்தால்தான் அதன் நீளம் படத்தில் தெரியும். பள்ளிவாசலை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு உங்கள் ஊரில் இருந்தால், பழைய கட்டடத்தின் உள்ளும் புறமும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டாதவை பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். ஜனாஸாப் படங்களைச் சேர்க்க வேண்டாம். இறந்துபோன குழந்தையின் படத்தைச் சேர்ப்பதென்றால் அதன் தாயிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் திடீரென்று அந்த முகம் திரையில் வருவதை அவர் எப்படித் தாங்குவார்? தலாக், குலா ஆகிப் பிரிந்தவர்களின் கல்யாணப் படங்களும் அப்படித்தான். மறுமணம் செய்து வாழ்பவருக்கு அது தீராத சங்கடம். பெண்களின் படங்களில் அந்தந்தப் பெண்ணையே கேளுங்கள், அவருடைய கணவரையோ சகோதரரையோ மட்டும் கேட்டால் போதாது. வீட்டுப் பெண்கள் மட்டும் இருந்த மருதாணி இரவுப் படம் மண்டபத்துத் திரையில் வரக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஸ்டுடியோவுக்கு மொத்த ஃபோல்டரையும் கொடுத்துவிடுவதால் அப்படி வந்துவிடுகிறது.

ஆகவே ஆரம்பத்திலேயே இரண்டு ஃபோல்டர் போடுங்கள். ஒன்று வீட்டுக்கு, மற்றொன்று சபைக்கு. சபைக்கான ஃபோல்டரை மட்டும் வெளியாளிடம் கொடுங்கள். பழைய பாஸ்போர்ட், இகாமா, ரேஷன் அட்டைகளைச் சேர்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், எண்களை மட்டும் மறைத்துவிடுங்கள்.

படத்தைச் சீர்செய்தல்

மூலப் படத்தில் கைவைக்காமல் நகலில்தான் எல்லா வேலையும் செய்ய வேண்டும். ஃபோட்டோஷாப் விலை கொடுத்து வாங்க வேண்டியது. நம் தேவைக்கு கிம்ப் என்ற இலவச மென்பொருளே போதும். விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும்.

பழைய வண்ணப் படங்கள் சிவந்து போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காகிதத்தில் உள்ள சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. நீலப்பச்சைச் சாயம் முந்திக்கொண்டு மங்கினால் மீதமுள்ளது சிவப்பாகத் தெரியும். கிம்பில் 'கலர்ஸ்' பட்டியலில் 'ஆட்டோ' பகுதியில் உள்ள 'ஒயிட் பேலன்ஸ்' கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஃபோட்டோஷாப்பில் 'ஆட்டோ கலர்' இதே வேலையைச் செய்யும். கீறல்களுக்கும் பூஞ்சைப் புள்ளிகளுக்கும் 'ஹீல்' கருவி. சாய்ந்த படத்தை நிமிர்த்துங்கள், ஓரத்தை வெட்டுங்கள். பின்னணியில் இருக்கும் பெயர்ப்பலகையை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அதன் பயனைத்தான் மேலே பார்த்தோம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மங்கலான முகத்தைக் 'கூர்மையாக்கும்' செயலி, படத்தில் இல்லாத விவரத்தைத் தானாக ஊகித்து வரைகிறது. வருவது பளிச்சென்ற முகம்தான், ஆனால் அது நன்னாவின் முகம் அல்ல. அவரைப் போன்ற ஒருவரின் முகம். பேரப்பிள்ளைகள் அதையே உண்மை என்று நம்பிவிடுவார்கள். கருப்பு வெள்ளைக்கு வண்ணம் ஏற்றுவதும் ஊகம்தான். சட்டை எந்த நிறமென்று செயலிக்கு எப்படித் தெரியும்? மைஹெரிட்டேஜ் நிறுவனம் 2021-ல் கொண்டுவந்தது போன்ற, இறந்தவரின் படத்தைக் கண்சிமிட்டிச் சிரிக்கவைக்கும் வசதிகளை நாம் பரிந்துரைக்கவில்லை. மங்கலாக இருந்தாலும் உள்ளபடியே இருக்கட்டும். மேலும் இத்தகைய செயலிகள் பலவற்றில் படம் உங்கள் கைபேசியை விட்டு எங்கோ உள்ள கணினிக்குப் போய்த்தான் திரும்புகிறது. வீட்டுப் பெண்களின் படங்களை அங்கே அனுப்பலாமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

திரை 16-க்கு 9 என்ற அகல விகிதம். கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் நடுவில் ஒல்லியாக நிற்கும், இருபுறமும் கருப்பாக இருக்கும். அதே படத்தைப் பெரிதாக்கி மங்கலாக்கிப் பின்னால் வைப்பது ஒரு வழி. இரண்டு நெட்டைப் படங்களைப் பக்கம் பக்கமாக வைப்பது அதைவிட நன்றாக இருக்கும். தலை வெட்டுப்படும்படி திரையை நிரப்புவது மட்டும் கூடாது.

தமிழும் அரபியும்

படத்தின் கீழ் பெயரும் ஆண்டும் எழுதுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஃபோட்டோஷாப்பில் தமிழ் எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்; அரபி எழுதினால் எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். மென்பொருளில் எழுத்து அமைப்பை மாற்றாததுதான் காரணம். 'பிரிஃபரன்சஸ்' பகுதியில் 'டைப்' என்பதைத் திறந்து, மத்தியக் கிழக்கு மற்றும் தெற்காசிய எழுத்துகளுக்கானதைத் தேர்ந்தெடுங்கள். புதிய பதிப்புகளில் அதன் பெயர் 'வேர்ல்டு ரெடி'. பிறகு புதிய கோப்பு திறந்து எழுதினால் சரியாக வரும். கிம்பில் இந்தத் தொல்லை இல்லை. எழுத்துரு லதா, நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவாக இருக்கட்டும்.

பிஸ்மில்லாஹ்வையோ குர்ஆன் வசனத்தையோ முதல் ஸ்லைடில் வைக்க விரும்பினால், அரபி தெரிந்த ஒருவரிடம் இறுதி வீடியோவையே காட்டுங்கள். எழுத்து சிதைந்து, தலைகீழ் வரிசையில் அச்சான வசனங்கள் அழைப்பிதழ்களில்கூட வருகின்றன. சிதைந்து வருவதைவிட வைக்காமலிருப்பது மேல்.

ஒலி

பின்னணி இசை பற்றிய மார்க்க விவாதத்துக்குள் போகாமலேயே ஒன்றைச் சொல்லலாம். அந்த ஐந்து நிமிடத்துக்கு இசையைவிட நல்ல ஒலி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: நன்னி படங்களைப் பார்த்துப் பேசிய பதிவு. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து, வேண்டிய இடங்களை வெட்டி எடுங்கள். "இவுகதான் உங்க பெரியத்தா, இந்தச் சட்டைய நான்தான் தச்சுக் கொடுத்தேன்" என்று அவர் குரலே சொல்லும்போது கீழே எழுத வேண்டிய அவசியமும் குறைந்துவிடும். அவர் இருமியதையும் சிரித்ததையும் வெட்டிவிடாதீர்கள்.

கிராஅத்தைப் பின்னணியாக ஓடவிடுவதை நாம் விரும்பவில்லை. ஓதப்படும்போது செவிதாழ்த்திக் கேட்க வேண்டியதை, எல்லோரும் படம் பார்த்துப் பேசிச் சிரிக்கும் இடத்தில் வைப்பது பொருத்தமல்ல. சினிமாப் பாடலையோ பிறருடைய இஸ்லாமியப் பாடலையோ சேர்த்து யூடியூபில் ஏற்றினால், உரிமையாளர் கோரிக்கையால் ஒலி அணைக்கப்படலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

எந்த மென்பொருள்?

ஒருகாலத்தில் நம்மவர்கள் எல்லோரும் பயன்படுத்தியவை இன்று இல்லை. எக்ஸ்பி காலத்தில் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தந்த போட்டோ ஸ்டோரி போய்விட்டது. கூகுளின் பிகாசா 2016-ல் நிறுத்தப்பட்டது. விண்டோஸ் மூவி மேக்கர் 2017 ஜனவரியில் போனது. கல்யாண ஸ்டுடியோக்களின் செல்லப்பிள்ளையாக இருந்த புரோஷோவைத் தயாரித்த போட்டோடெக்ஸ் நிறுவனம் 2020-ல் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 29-ல் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில், படங்களைக் கோத்து வீடியோவாக்கும் விவாவீடியோவும் ஒன்று. எந்த மென்பொருளையும் நம்பிப் படங்களை அதற்குள்ளேயே விட்டுவைக்கக் கூடாது.

மிக எளிய வழிக்கு மென்பொருளே தேவையில்லை. படங்களுக்கு 001, 002 என்று வரிசையாகப் பெயரிட்டு பென் டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியில் செருகினால், பெரும்பாலான தொலைக்காட்சிகள் தாமே ஸ்லைடு ஷோவாக ஓட்டும். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் அவசியம். இல்லையென்றால் 1-க்குப் பிறகு 10 வந்து நிற்கும்.

கணினியில் மட்டும் காட்டுவதற்கு இர்ஃபான்வியூ மிகச் சிறந்தது. பொஸ்னியாவில் பிறந்த இர்ஃபான் ஸ்கில்யான் என்பவர் 1996-ல் வெளியிட்டு, இன்றுவரை சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசமாகத் தந்துவருகிறார். அளவில் மிகச் சிறியது, பழைய கணினியிலும் ஓடும். டபிள்யூ விசையை அழுத்தினால் ஸ்லைடு ஷோ பெட்டி திறக்கும். படங்களைச் சேர்த்து, எத்தனை வினாடிக்கு ஒருமுறை மாற வேண்டும் என்று கொடுத்தால் போதும். நூறு படங்களுக்கு ஒரே நேரத்தில் பெயர் மாற்றவும் அளவைக் குறைக்கவும் பி விசை. ஸ்லைடு ஷோவைத் தனி இஎக்ஸ்இ கோப்பாகச் சேமிக்கும் வசதியும் உண்டு. ஆனால் அது விண்டோஸ் கணினியில் மட்டும்தான் ஓடும். தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் பயன்படாது.

குரலோடு வீடியோவாக வேண்டுமென்றால் ஓபன்ஷாட்டைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள், இதுவும் இலவசம். படங்கள் அனைத்தையும் உள்ளே இழுத்துப் போட்டு, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் 'ஆட் டு டைம்லைன்' கொடுங்கள். ஒரு படம் எத்தனை வினாடி நிற்க வேண்டும், படம் மாறும் விதம் என்ன என்று ஒரே பெட்டியில் கேட்கும். மாறும் விதங்கள் நிறைய உண்டு. ஒரு படம் கரைந்து மற்றொன்று தோன்றும் ஒன்றை மட்டும் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் புரள்வது, சிதறுவது, சுழல்வது எல்லாம் முகத்தைப் பார்க்க விடாமல் செய்பவை. பிறகு கீழ்த் தடத்தில் குரல் பதிவை வைத்து, பேச்சுக்கு ஏற்பப் படங்களை நீட்டிக் குறைக்கலாம். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு கிளிப்சாம்ப் உடன் வருகிறது, அதுவும் போதுமானது. பவர்பாயிண்டில் பழகியவர்கள் 'இன்சர்ட்' பட்டியலில் 'போட்டோ ஆல்பம்' கொடுத்துத் தயாரித்து, 'எக்ஸ்போர்ட்' பகுதியில் வீடியோவாக மாற்றிக்கொள்ளலாம்.

வெளியிடுதலும் சேமித்தலும்

எம்பி4 வடிவில், 1920-க்கு 1080 அளவில் வெளியிடுங்கள். தொலைக்காட்சி, கைபேசி, மண்டபத்துப் புரொஜெக்டர் அனைத்திலும் ஓடும். விருந்துக்கு முந்தின நாளே அந்த மண்டபத்துக் கருவியிலேயே ஓட்டிப் பாருங்கள்.

ஃபேட்32 முறையில் அமைந்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. ஐந்து நிமிட வீடியோ அவ்வளவு வராது. ஆனால் நிக்காஹ் வீடியோ முழுவதையும் சேர்க்க நினைப்பவர்கள் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கான வீடியோவை யூடியூபில் 'அன்லிஸ்டெட்' ஆகப் போட்டு உறவினர்களுக்கு இணைப்பு அனுப்புகிறார்கள். அந்த இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம். 'பிரைவேட்' ஆக வைத்தால் நீங்கள் அழைத்தவர் மட்டும் தம் கணக்கின் வழியாகப் பார்க்கலாம். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் பிறகு 'அனைவருக்கும் நீக்கு' கொடுத்தாலும், அதற்குள் சேமித்து வைத்தவரின் கைபேசியில் அது இருக்கும். இரண்டு ஃபோல்டர் போடச் சொன்னது இதற்காகவும்தான்.

கடைசியாக, வீடியோ மட்டும் கையில் இருந்தால் போதாது. ஸ்கேன் செய்த மூலப் படங்கள், பெயர் விவர நோட்டின் நகல், நன்னியின் வெட்டாத முழு ஒலிப்பதிவு, இறுதி வீடியோ ஆகிய நான்கையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். ஊர் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் ஒருவரிடம் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று மூன்று நகல்கள் இருக்கட்டும். கூகுள் போட்டோஸ் வரம்பில்லாமல் இலவசமாகத் தந்தது 2021 ஜூன் 1-உடன் முடிந்துவிட்டது. இப்போது மின்னஞ்சலையும் சேர்த்து 15 ஜிபிதான் என்பதால், காலை வணக்கப் படங்களை முதலில் நீக்கிவிட்டு இடம் பண்ணிக்கொள்ளுங்கள்.